தம்பியாக நின்ற கூலி

எலும்பு மஜ்ஜை எடுத்த அன்று தம்பி என்று சொல்லி உடன் நின்றதற்காகப் பேசிய கூலியை, இரும்புக்கடைக்காரர் டாக்சிக்காரருக்கு இன்னும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு இரத்தம் கொடுக்கப் போகும்போதெல்லாம் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சில்லறையா இல்லப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பார். வண்டி வாடகையை மட்டும் இறங்குவதற்கு முன்பே கையில் திணித்துவிடுவார்.

பாக்கி வைக்கிற ஆளில்லை அவர். பழைய தகரத்தைத் தலையில் சுமந்து, தன் கையே தனக்கு உதவி என்று எழுந்தவர். பள்ளிக்கூடத்தை வாசலோடு எட்டிப் பார்த்ததோடு சரி. ஆனால் கணக்கில் அவரை ஏய்க்க ஒருவன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கட்டு நோட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் தொகையைச் சொல்லிவிடுவார். எண்ணுகிற இயந்திரம் அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும்.

சோர்வாக இருக்கிறதே என்று எடுத்த சாதாரண இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருந்தன. மண்ணீரலும் வீங்கியிருந்தது. இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையைப் பார்த்தால்தான் உறுதியாகும், வீட்டு ஆள் ஒருவர் உடன் வர வேண்டும் என்றார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொல்ல வாய் வரவில்லை. எவனிடமும் கைகட்டி நிற்காத மனிதர், ஆஸ்பத்திரி வாசலில் தன்னை இறக்கிவிட்ட டாக்சிக்காரரிடமே பேரம் பேசி ஒரு தம்பியை வாடகைக்கு எடுத்தார்.

ஒருக்களித்துப் படுத்தவரின் முகத்துக்கு நேரே அந்த ஆள் குந்தியிருந்தார். ஊசி எலும்புக்குள் இறங்கி உறிஞ்சியபோது, உயிரே இடுப்பு வழியாகப் போவது போலிருந்தது. "மூச்ச விடுங்கண்ணே. என் கைய இறுக்கிப் புடிச்சுக்குங்க" என்றார் டாக்சிக்காரர். அந்த 'அண்ணே' பேரத்தில் சேர்ந்ததில்லை.

இரத்தப் புற்றுநோய்தான், ஆனால் மாத்திரைக்கு அடங்குகிற வகை என்று முடிவு வந்தது. இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன என்று டாக்டர் சொன்னதை, ஒரு தடவை இரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது இரும்புக்கடைக்காரர் தன் பாணியில் விளக்கினார். "தப்பா வெல்டிங் வச்ச கம்பி மாதிரிப்பா. அந்தத் தப்பு இன்னும் எவ்ளோ மிச்சம்னு பாக்கத்தான் இந்த ரத்தம். நான் எந்தச் சோதனையிலயும் தோத்ததில்ல, தெரியும்ல?"

"தெரியும்ணே. அன்னைக்கு என் வெரலுதான் தோத்துச்சு. இன்னும் நேரா நீட்ட வரல."

அதற்கு அவர் சிரித்தார். அடுத்த மூன்று மாதத்துக்கு வீட்டில் சிரிக்க வேறு எதுவும் இருக்காது. சாப்பாட்டு மேசையில் ஒரே தட்டு. தொலைக்காட்சி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

இந்த முறை வந்த முடிவில் அந்தத் தப்பு தேடியும் தென்படவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது, சோதனையும் தொடர வேண்டும் என்றாலும் இது பெரிய நல்ல சேதி என்று டாக்டர் கைகுலுக்கினார். இரும்புக்கடைக்காரர் நேரே டாக்சிக்குத்தான் ஓடினார். டாக்சிக்காரர் சேதியைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, வண்டியை விலை பேசி முடித்துவிட்டதாகவும், நாளைக்கே ஊரை விட்டு மகள் வீட்டோடு போய்விடப் போவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தப் பழைய கணக்க முடிச்சிருவோமாண்ணே? வழிச் செலவுக்கு ஆகும்."

அவர் கை தானாகவே சட்டைப் பையைத் தட்டியது. "சில்லறையா..." என்று தொடங்கி நிறுத்தினார். டாக்சிக்காரரின் உள்ளங்கை விரிந்தபடி இருந்தது. அன்று அவர் நொறுக்கிய அதே கை.

நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். பாதியில் நிமிர்ந்து, "எத்தன சொன்னேன், தம்பி?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, அந்த உள்ளங்கையில் முதல் நோட்டிலிருந்து மறுபடி எண்ணி வைத்தார்.