மூக்கில் குடியிருந்த கிருமி

எலும்பு சிகிச்சை வார்டில் அந்த நர்ஸை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சோப்பு சிஸ்டர் என்றால்தான் தெரியும். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் கை கழுவிவிடுவாள். அவள் தலையைக் கண்டதும் பெரிய டாக்டரே குழாயடிக்கு ஓடுவார் என்று வார்டில் கேலி உண்டு. வீட்டிலும் அதே கெடுபிடிதான். ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் அவள் கணவன், நம் வீட்டுப் பக்கம் வரப் பல்லிகூட யோசிக்கும் என்பான்.

அந்த வருஷம் வார்டில் ஆபரேஷன் புண்கள் ஒவ்வொன்றாகச் சீழ் பிடித்தன. வழக்கமான மருந்து எதுவும் எடுபடவில்லை. சோதித்துப் பார்த்தால் எல்லாப் புண்ணிலும் ஒரே கிருமி, மருந்துக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு தபால்காரருக்கு நிலைமை முற்றிப்போய், புதிதாக வைத்த மூட்டையே கழற்றும்படி ஆயிற்று. அவருக்குத் தினமும் கட்டு மாற்றியவள் இவள்தான். எவனோ கை கழுவாமல் தொட்டிருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள்.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான டாக்டரம்மா, வார்டில் வேலை செய்யும் அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தார். முதல் ஆளாக மூக்கை நீட்டியவள் இவள். நழுவப் பார்த்தவர்களை முறைத்து வரிசையில் நிறுத்தியதும் இவள்தான்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா அவளைத் தனியே அழைத்து, கதவைச் சாத்தினார்.

"உங்க மூக்குல இருக்கு, சிஸ்டர்."

வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்றே அவளுக்குப் பட்டது. புரிந்தபோது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், எதன் மேலும் படாதபடி தூக்கியே வைத்திருந்தாள்.

"எனக்குச் சளிகூடப் பிடிக்கலையே, டாக்டர்."

"பிடிக்காது. உங்கள ஒண்ணும் பண்ணாம அதுபாட்டுக்கு இருக்கும். தெரியாம ஒரு தடவ மூக்கத் தொட்டாப் போதும்."

"தபால்காரருக்கு நான்தான் குடுத்தேனா?"

இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே ரகம், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அந்தப் பதில் 'ஆமாம்' என்பதைவிட மோசமாக இருந்தது.

விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். மூக்கில் களிம்பு, உடம்புக்குக் கிருமிநாசினிக் குளியல், துணியெல்லாம் வெந்நீரில். மறு சோதனையில் கிருமி இல்லை என்று வந்து, வேலைக்குத் திரும்பினாள். அடுத்த மாதச் சோதனையில் மறுபடியும் இருந்தது. இந்த முறை அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

வீட்டில் யாருக்காவது கட்டி, கொப்புளம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். அப்போதுதான் கணவன் தொடையில் அடிக்கடி வரும் கட்டி நினைவுக்கு வந்தது. வியர்வைக் கட்டி என்று அவனே பிதுக்கிக்கொள்வான். ஜிம்மில் ஒரே துண்டு பல கை மாறும். சோதித்தார்கள். அவனுக்கும் அதே கிருமி. சிரித்துக்கொண்டே மூக்கைக் காட்டியவன், முடிவைக் கேட்டதும் ஜிம் பையிலிருந்த துண்டையெல்லாம் எடுத்து வெந்நீரில் போட்டான். முதலில் யாருக்கு வந்தது என்பது அங்கேயும் தெரியவில்லை. இருவரும் சேர்ந்தே மருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு கிருமி திரும்பி வரவில்லை.

மறுபடி வேலையில் சேர்ந்ததும், இன்னும் வார்டிலேயே கிடந்த தபால்காரரிடம் நேரே போய், இருந்ததை இருந்தபடி சொன்னாள். திட்டுவார் என்று தலை குனிந்து நின்றாள். அவர் தன் மூக்கைத் தொடப்போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

"அப்ப என் மூக்குலயும் இருக்குமாம்மா? மருமக மாசமா இருக்கா. நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

அவள் உடனே டாக்டரம்மாவிடம் ஓடினாள். சோதித்ததில் தபால்காரர் மூக்கிலும் இருக்கத்தான் செய்தது. மருந்து கொடுத்து, கிருமி போன பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து வேறு மூட்டு வைத்தார்கள். கம்பு ஊன்றி நடக்கிறார், தபால் வேலைக்குப் போக முடியவில்லை.

அவள் இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறாள். யார் முதலில் யாருக்குக் கொடுத்தது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.