பதினாறு பக்கத்துக்குள் அடங்காத இரண்டு வரி

கனகராயன்குளத்தில் அச்சு மெஷின் ஓட்டிய முதல் ஆள் நான். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இனக் கலவரத்தில் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டினேன், கிணறு தோண்டினேன், பழைய மெஷின் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிவந்து கொட்டில் போட்டேன். அந்தக் காலத்தில் இங்கே கலியாணம் செய்தவர்களும் செத்தவர்களும் என் கையால்தான் அச்சில் ஏறினார்கள்.

அதனால் போன கிழமை நூலகத்தில் பழைய வன்னிப் புத்தகங்களின் கண்காட்சி என்றதும் மினுக்கிய சட்டையோடு போனேன். பொறுப்பாக இருந்த பிள்ளை மெல்லிய புத்தகம் ஒன்றை நீட்டினார்.

"ஐயா, இது உங்கட அச்சோ?"

மூக்கருகே பிடித்தேன். மை வாசம் போய்விட்டது. பின்னட்டையில் என் அச்சகத்தின் பெயர்! கொட்டில், மெஷின், ஈய எழுத்துப் பெட்டிகள் எல்லாம் போரில் போயின. யாரோ இடம்பெயரும்போது பெட்டிக்குள் வைத்த இது ஒன்றுதான் மிச்சம்.

"ஓம் பிள்ளை. வடிவான வேலை, பாத்தீங்களே?"

"வேலை வடிவுதான் ஐயா. உள்ளுக்கு இருக்கிறது முழுப் பொய்."

யூதர்கள் இரகசியமாகக் கூடி உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள் என்று சொல்லும் புத்தகம் அது. பிள்ளை சொன்னபடி, நூறு வருசத்துக்கும் முன்னர் ரஷ்யாவில் அச்சேறியதாம். பிரெஞ்சு அரசன் ஒருவனைக் கிண்டல் செய்த பழைய நூலிலிருந்து திருடி, யூதர் வாயில் வைத்த பேச்சாம். லண்டன் பத்திரிகை ஒன்று இரண்டையும் அருகருகே போட்டுக் களவைக் காட்டிய பிறகும் அச்சு நிற்கவில்லையாம். அமெரிக்காவில் கார் செய்து பணக்காரனான ஒருவர் இந்தக் கதையைத் தன் சொந்தப் பத்திரிகையில் வாரக்கணக்காக ஓடவிட்டாராம். அவரும் என்னைப்போலப் படிப்புக் குறைந்து, தன் கையால் முன்னுக்கு வந்தவராம். ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கே இதைப் படிக்கக் கொடுத்தார்களாம். பிறகு நடந்தது இலட்சக்கணக்கில் யூதர் கொலை.



கலவரத்துக்கு முன்னர் எங்கள் தோட்டத்துக் கடைவீதியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தோட்டத்து ஆட்கள் இரகசியமாகக் கூடுகிறார்கள், நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள் என்று. வாசித்துச் சொன்ன கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தது. அதே கதையை நானே எழுத்தெழுத்தாகக் கோத்திருக்கிறேன்!

எழுத்துக் கோக்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், கதையைப் பார்க்கமாட்டான் என்று சொல்லித் தப்பலாம். எனக்கு அந்த வழியும் இல்லை. ஏனென்றால் மொழிபெயர்த்துக் கொண்டுவந்த மாஸ்டரிடம் நான் சொன்னது நினைவிருக்கிறது.

"மாஸ்டர், ஒரு தாளில பதினாறு பக்கம்தான் வரும். ரெண்டு வரி கூடுது. இன்னொரு தாள் போடவேணும்."

"நீரே பாத்து வெட்டும். முன்னுரையை ஆர் ஐசே வாசிக்கிறான்?"

பார்த்து வெட்டினேன். 'இது போலி என்று மேல்நாட்டில் சிலர் நிரூபித்திருக்கிறார்கள். வாசகர் யோசித்து வாசிக்கவும்.' அந்த இரண்டு வரிதான். வாசிக்காமல் வெட்ட முடியுமா? பக்கம் அச்சொட்டாக அடங்கியது என்று அன்றைக்குப் பெருமை வேறு அடித்தேன்.

மாஸ்டர் இப்போது இல்லை. அவருடைய கையெழுத்துப் பிரதியும் இல்லை. அந்த இரண்டு வரியும் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

புத்தகத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் மாஸ்டரின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள்.

"உங்கட பேரை விட்டிட்டம் ஐயா. வயசான நேரத்தில உங்களுக்கேன் கரைச்சல்?"

எனக்குக் கோபம் வந்தது.

"முதல் மெஷின் ஓட்டினவன் எண்டு வேற எங்கயாவது போடுங்கோ, போடாம விடுங்கோ. இதில என்ர பேர் வேணும். நான் வெட்டின ரெண்டு வரி இருக்கு, சொல்லுறன். அதையும் எழுதி, வெட்டினவன் இவன்தான் எண்டு போடுங்கோ பிள்ளை. பெரிய எழுத்தில."