என் காதுகுத்துக்கு வந்த சாட்சி

என் மாமாவைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். ஊரே காறித் துப்பியவர்களுக்கெல்லாம் துணிந்து வாதாடிய வக்கீலாம். பின்னணியில் புல்லாங்குழல் வேறு! சொந்தக்காரர்கள் பெருமை தாங்காமல் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அதில் அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறார்: "சாட்சிகளைக் கோர்ட்டுக்கு வெளிய நான் பார்த்ததே இல்லீங்க." அடப்பாவி மனுஷா! என் காதுகுத்தில் பார்த்தீர்களே!

அப்போது மண்ணரை என்ற ஊரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அத்தை மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். இரண்டு பெண்கள், இருவரும் பனியன் கம்பெனியில் வேலை. அங்கே தீப்பிடித்தபோது மூத்த அக்கா வெளியே வர முடியாமல் செத்துப்போனாள். பின்கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியதை, பதறி ஓடிய அத்தை கண்ணால் பார்த்தார். துணி திருட்டுப் போகுமென்று பூட்டிவைத்தானாம் அந்த முதலாளி. அவன் மேல் போட்ட கேஸில் அவனுக்கு வக்கீல், என் அம்மாவின் சொந்தத் தம்பியான இந்த மாமாதான். சின்ன அக்காவோ அதற்குப் பிறகும் அதே முதலாளியின் இன்னொரு கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அவள் சம்பளம் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

அத்தை சாட்சி சொல்லும் நாள் நெருங்கியபோதுதான் மாமாவுக்கு என் காது ஞாபகம் வந்தது.

"பொம்பளப்புள்ள மூளிக்காதோட திரியறா. செலவு என்னோடது, பண்ணிப்போடலாங்க்கா" என்றார். அத்தையையும் அழைக்க வேண்டுமென்றார். மகளைப் பறிகொடுத்தவர் விசேஷத்துக்கு வரத் தயங்கினார். மாமாவே வெற்றிலைத் தட்டோடு அவர் வாசலில் போய் நின்றார். என் மேல் உயிரையே வைத்திருந்ததால் அத்தை வந்தார்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். மாமா மடியில் உட்கார்ந்து நான் போட்ட கூச்சலில் ஆசாரியே இரண்டு முறை பின்வாங்கினார். மாமா என் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஆச்சு கண்ணு, ஆச்சு" என்றார். அவரைப் போல நல்லவர் உலகத்திலேயே இல்லையென்று நினைத்தேன்.

பந்தியில் அத்தை எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். மாமா குழம்பு வாளியோடு வந்து எங்கள் இலைக்கு முன்னால் குனிந்தார்.

"ஏனுங்கம்மா, சின்னவளும் அவங்க கம்பெனிக்குத்தானுங்க போறா? வயசுப்புள்ள. கேஸு முடிஞ்சாலும் அவ அங்கதான போகோணும். பத்திரமாப் பாத்துக்குங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

அத்தை எனக்காக உருட்டிய சோற்றை அப்படியே வைத்து இலையை மூடிவிட்டார். எனக்கு வயிறு நிறையவே இல்லை.

கோர்ட்டில் அத்தை, "கதவு திறந்துதான்யா கிடந்துச்சு" என்று சொல்லிவிட்டார். முதலாளி விடுதலை. லைன் வீட்டு ஜனங்கள், பெற்ற மகளையே விற்றுவிட்டாள் என்று அவர் முகத்துக்கு நேராகவே ஏசினார்கள். ஏசியது அவரை! வாளி தூக்கியவரைக் கேட்க ஒரு நாதியில்லை.

"எதுக்கு இப்படிச் சொன்னா?" என்று அம்மாவும் புலம்பினாள். அத்தைக்கு யாருமே இல்லையென்று அம்மா கவலைப்படுவதாக எண்ணி, மாமா பந்தியில் சின்ன அக்காவை எவ்வளவு அக்கறையாக விசாரித்தார் என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, "இதை யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு" என்றாள்.

மாமா செய்த நல்ல காரியத்தை ஏன் மறைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.