வடியாத சயாம் சோறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து கனகத்தை வெளியேற்றினேன்.

கனகம் என் மனைவி. பதினாறு வருஷமாக அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். "இன்னிக்கு சயாம் சமையல். எல்லாம் நானே பண்ணிக்கிறேன். நீ முன்னால போய் உக்காரு" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சரி என்று எழுந்து போய்விட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்...

இந்தப் பத்திரிகையில் என் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மாதம் முன்னால் இதே இடத்தில், 'சமையல் என்ன பெரிய வித்தை? ஆண்பிள்ளை மனசு வைத்தால் ஒரே நாளில் கற்றுக்கொள்வான்' என்று எழுதியிருந்தேன். கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி உடனே கார்டு போட்டார். 'ஐயா, முதலில் ஒரு வேளை சோறு வடித்துப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.' இரண்டே வரி. முத்து முத்தான கையெழுத்து. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன் — ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அந்தச் சகோதரிக்குப் பதில் சொல்வதற்காக அல்ல. பூன்மாவுக்காக.

பூன்மா ஒரு சயாம்காரர். நான் ரயில்வே கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் என்னை மூன்று மாதம் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கள் ரயிலும் சயாம் ரயிலும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும். அவர்கள் பக்கத்துச் சாமான் கிளார்க்தான் பூன்மா. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய். அதிலேயே சிநேகிதம் ஓடியது.

அங்கே போன இரண்டாவது வாரமே எனக்குக் குளிர்காய்ச்சல். தெரிந்த முகம் ஒன்று இல்லாத ஊர். பதினோரு நாள் அந்த மனுஷன் இஞ்சி போட்ட கஞ்சியை எடுத்து வந்து கரண்டியால் ஊட்டினார். கொயினா மருந்து கொடுத்தார். வாந்தியைத் துடைத்தார். கூடப் பிறந்தவன் செய்வானா? எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். சிரித்தார். ரொம்ப வற்புறுத்திய பிறகு ஒன்று சொன்னார்.

"எங்க ஊர்ச் சோறு தின்னு நாலு வருஷம் ஆச்சு."

அவர் ஊர் சயாமின் வடகிழக்கு மூலை. அங்கே சோறு என்றால் ஒட்டரிசிச் சோறுதானாம். மலாய்க்காரர்கள் புலூட் என்று பலகாரம் செய்வார்களே, அதே அரிசி. "தெற்கே எல்லாரும் அதுல சர்க்கரையைப் போட்டுடறாங்க. எங்க வீட்டுல அதை உருட்டி, சுட்ட கோழியோட தின்போம். எனக்குச் சமைக்கவும் தெரியாது" என்றார்.

இப்போது அவருக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல். ஊரை விட்டு இன்னும் தூரம். போகிற வழியில் கோலாலம்பூரில் ஒரே ஒரு பகல். காலையில் ஸ்டேஷனில் வேலை, ஒரு மணிக்கு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் சாப்பாடு, சாயங்காலம் ரயில். ஒரு வேளைதான் கையில் இருந்தது. அதில் அந்தச் சோற்றை அவருக்குப் போட்டுவிட வேண்டும். என் கையால்!

சனிக்கிழமை சீனன் கடையில் ஒட்டரிசி வாங்கித் தகர டின்னில் போட்டு வைத்தேன். "எப்படி வேக வைக்கிறதுன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றாள் கனகம்.

"அரிசி வேக வைக்கிறதுக்கு என்ன கேக்கறது? சோறு சோறுதானே?"

ஞாயிறு காலை டின்னைத் திறந்தால் அரிசி பாதிதான் இருக்கிறது. மீதி ஒரு குண்டானில் தண்ணீருக்குள் ஊறிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் நான்தான் ஊறப் போட்டேன். பிட்டுக்கு மாவு இடிக்கணும்" என்றாள்.

"என் சயாம் அரிசியிலயா!"

"வீட்டுக்கு வர்ற அரிசிய நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?"

அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். அதற்கப்புறம்தான் நாடு கடத்தல்.

கோழியை மிளகு பூண்டு அரைத்துத் தடவிக் கரியடுப்பில் சுட்டேன். நன்றாகவே வந்தது. பப்பாளிக் காயைச் சீவி, மிளகாய், எலுமிச்சை, காய்ந்த இறாலோடு உரலில் இடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, அதுவும் மோசமில்லை. மார்பு விரிந்துவிட்டது. கிள்ளான் சகோதரிக்குப் பதிலை மனசுக்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டேன்.

பிறகு சோறு. பெரிய பானையில் தளதளவென்று உலை வைத்தேன், நம் ரங்கூன் புழுங்கலரிசிக்கு வைப்பது போல. அரிசியைக் களைந்து போட்டேன். நன்றாகக் கொதிக்க விட்டேன். பதம் பார்க்க ஒரு பருக்கையை நசுக்கினேன் — விரல் விரலோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் வேகவேண்டும் போலிருக்கிறது என்று விறகைத் தள்ளினேன்.

வடிக்கிற கட்டம். மூடியைப் பிடித்துப் பானையைச் சாய்த்தேன். கஞ்சி வரவில்லை. இன்னும் சாய்த்தேன். தலைகீழாகவே கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவேண்டுமே! நிமிர்த்தி மூடியைத் தூக்கினால், மூடியோடு பானையும் சேர்ந்து மேலே வருகிறது.

மணி பன்னிரண்டே கால்.

"கனகம்..." என்று கூப்பிட்டேன்.

வந்தாள். பானையைப் பார்த்தாள். கரண்டியை விட்டுக் கிளறினாள், கரண்டி நின்றது. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஏனென்றால் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பதினோரு நாள் அந்த மனுஷன் எனக்கு ஊட்டினார். ஒரு வேளைச் சோறு என்னால போட முடியலையே, கனகம்."

"மொதல்ல எந்திரிங்க. வழிய விடுங்க."

ஊறின அரிசியை வடிகட்டினாள். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றினாள். இட்லித் துணியை நனைத்து விரித்து, அரிசியை அதில் பரப்பி மூடினாள். "பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பெருநாளுக்குப் புலூட்டை ஆவியிலதான் வேக வைக்கிறாங்க. எத்தனை வருஷமா பாக்கறேன். நீங்க கேக்கலையே?"

ஒரு மணி அடிக்கும்போது மூடியைத் திறந்தாள். பளபளவென்று, பருக்கை பருக்கையாக, ஆனால் ஒன்றை ஒன்று விடாமல்!

பூன்மா வந்தார். இலை போட்டோம். சோற்றைக் கண்டதும் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார். அடுத்தது உருட்டினார். அதற்கடுத்தது. கோழியைத் தொடவேயில்லை. பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பப்பாளியில காரம் அதிகம்" என்றார். பப்பாளியையும் அவர் இன்னும் தொடவில்லை. நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். எனக்கும் அதே காரம்.

"யார் சமைச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அடுப்படியில் ஒரு மூடி 'டங்' என்று விழுந்தது.

"அதாவது... கோழி நான்" என்று திருத்திக்கொண்டேன்.

பூன்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்படி வாசலுக்குப் போய்த் தலை தாழ்த்திக் கும்பிட்டார். கனகம் வெட்கப்பட்டுக்கொண்டே பதிலுக்குக் கும்பிட்டாள். மீதிச் சோற்றை வாழையிலையில் கட்டி ரயிலுக்குக் கொடுத்தாள். ரயில் நகரும்போதும் அந்தப் பொட்டலத்தை அவர் மடியை விட்டு இறக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"ஏன் கனகம்... புலூட் அரிசியில யாராவது பிட்டுக்கு இடிப்பாங்களா?"

அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். "இடிக்க மாட்டாங்க. ராத்திரி முழுக்க ஊறணும்னு நேத்தே சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்றாள்.

கிள்ளான் சகோதரிக்கு: அம்மா, வடித்துப் பார்த்தேன். ஒரு மாதம் முன்னால் எழுதியதை முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பத்திரிகை ஆசிரியருக்கு: இந்தக் கட்டுரை வந்த கவரைப் பிரிக்கக் கத்தி தேவைப்பட்டிருக்கும், மன்னிக்கவும் — அதை ஒட்டியிருப்பது என் சமையல்.