கேட்டுவிட்டுத் தொடுங்கள்

பெண்கள் உதவி மையத்தில் ஆலோசகராக உட்காருகிறவருக்கு வாய் கொஞ்சம் சின்னதாகவும் காது கொஞ்சம் பெரிதாகவும் இருப்பது நல்லது. எனக்கு இரண்டும் தலைகீழ். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும்.

தோழிக்காக வந்தவர்

ஆரப்பாளையத்தில் எங்கள் மையத்துக்கு வருகிற பலர் தோழிக்காகத்தான் வருவார்கள். அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் செல்வியும் அப்படித்தான் வந்தார். தோழியைச் சூப்பர்வைசர் குடோனில் வைத்துப் பலாத்காரம் செய்துவிட்டானாம். "அவங்களையே கூட்டிட்டு வாங்கம்மா, அவங்க வாயால சொன்னாத்தான் சரி" என்றேன், பெரிய சட்டம் தெரிந்தவள் மாதிரி. செல்வி எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டியவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அவ இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்ததே பெருசு மேடம்."

என் கை

அதற்குப் பிறகும் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தது அவருடைய பெருந்தன்மை. இந்தத் தடவை தன் கதையாகவே சொல்லி அழுதார். ஆறுதலுக்காகத் தோளில் கை வைத்தேன். விருட்டென்று பின்வாங்கினார், நாற்காலி சுவரில் இடித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொடுங்க மேடம். அவன்தான் கேக்கலை."

தழும்பு

அன்றே அவரோடு டாக்டரிடம் போனேன். வீட்டில் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை. "நீங்களே சொல்லிருங்க" என்று மறுநாள் கணவர் முருகனைக் கூட்டி வந்தார். அலங்காநல்லூர்க்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ ஏன் கத்தலை?" என்றார். செல்வி தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முருகனின் முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு. என்னவென்று கேட்டேன். ஜல்லிக்கட்டில் மாடு குத்தியதாம்.

"மாடு பாஞ்சு வந்தப்ப கத்துனீங்களா தம்பி? ஓடுனீங்களா?"

"எங்கிட்டு மேடம் ஓட? அப்படியே மரமா நின்னுட்டேன்..." பாதியில் நிறுத்திவிட்டார். தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு மனைவியிடம் சொன்னார்: "உன்னைய அப்படிக் கேட்டது தப்பு செல்வி."

பேனா

"இப்பவே கம்ப்ளைண்ட் குடுப்போம்" என்று முருகன் எழுந்தார். நானும் உற்சாகமாகப் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். "குடுக்கிறதா வேணாமான்னு நான் சொல்லணும், ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் செல்வி. உட்கார்ந்தோம். நான்கு நாள் கழித்து அவராகவே வந்து என் பேனாவை வாங்கிக்கொண்டார்: "நானே எழுதுறேன். பக்கத்துல மட்டும் இருங்க மேடம்."

சம்மதத்தைப் பற்றிக் கல்லூரி கல்லூரியாகப் போய் வகுப்பெடுக்கிற நான், இப்போதெல்லாம் ஒருவருக்கு டீ சொல்வதென்றால்கூட அவரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.