பந்தோடு பின்னால் நடந்த நாள்

“தம்பி, கிளப் லிஸ்ட்லேர்ந்து பையன் பேர எடுத்துட்டாங்க. சாப்பிட மாட்றான். கதவத் தொறக்க மாட்றான்.” பெர்த்திலிருந்து அக்காள் எனக்கு அனுப்பிய செய்தி இது. அது தீபாவளிக்கு மறுநாள் வந்ததாக அவள் இன்றும் சொல்கிறாள். என் போனில் அது தீபாவளிக்கு முந்தின நாள் மாலை என்று பதிவாகியிருக்கிறது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்த என் மனைவியிடம் படித்துக் காட்டியதும் நினைவிருக்கிறது. ஆகவே என் பக்கம்தான் சரி என்று வைத்துக்கொள்கிறேன்.

மருமகனுக்கு, அதாவது அக்காள் மகனுக்கு, அப்போது இருபது வயது. ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் ஒரு பெரிய கிளப் அவனைப் பள்ளியிலிருந்தே எடுத்திருந்தது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து, ஓடி, உதைத்து, நான்கு கம்பங்களுக்கிடையே செலுத்தும் ஆட்டம் அது. இரண்டு பருவம் பட்டியலில் இருந்தும், முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே அனுப்பப்பட்டான். கொஞ்ச நாள் உன் வீட்டில் இருக்கட்டும் என்று அக்காள் அவனைச் சிங்கப்பூருக்கு வடக்கே எங்கள் ஊரான ரெங்கத்துக்கு அனுப்பி வைத்தாள். உயரமான பிள்ளை, எங்கள் வீட்டுக் கட்டிலில் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மதியம்வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும். காலையில் அக்காள் தவறாமல் கூப்பிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, ஒரே கேள்விதான்: “எழுந்தானா?” அவள் எதற்குப் பயந்தாள் என்பதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் மனைவி மட்டும் ஒருநாள் அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் கழற்றி எடுத்துவிட்டாள்.

நான் எழுத உட்கார்ந்தது அவனைப் பற்றி அல்ல, கோச்சைப் பற்றி. ஊரில் எல்லோருக்கும் அவர் கோச்தான். பிழைப்புக்கு டயர் கடை. மாலையில் எங்கள் ஊர்க் காற்பந்து அணி. பருத்த உடம்பு, சர்க்கரை நோய், வாயைத் திறந்தால் கேலி. கார் டயர் மாற்றப் போனபோது மருமகனையும் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். மாடியிலிருந்து ஒரு பழைய டயரைத் தூக்கிப் போட்ட பணியாள் குறி தவறி எறிந்துவிட்டான். குனிந்திருந்த கோச்சின் தலைக்கு மேல் அது வந்தது. மருமகன் எம்பி, அந்தரத்திலேயே அதை இரண்டு கையாலும் பிடித்து, சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

கோச் நிமிர்ந்து டயரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். “அலமாக். யார்ரா நீ? என்ன வேல பாக்குற?”

“ஒன்னும் இல்ல, அங்கிள். ஃபுட்டி ஆடுனேன். தூக்கிட்டாங்க.”

“என்னையுந்தான் தூக்குனாங்க, வீட்டுக்காரியே தூக்கியிருக்கா. அதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருந்தா எப்படிலா? வெள்ளிக்கிழம திடலுக்கு வா. எங்க கீப்பர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்.”

“எனக்கு சாக்கர் தெரியாது, அங்கிள்.”

“இங்க இருக்கவனுக்கு மட்டும் தெரியுமா?”

உருண்டைப் பந்தை உதைக்க மருமகனுக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் உயரத்தில் வருகிற பந்து அவனைத் தாண்டிப் போகாது. மற்றவர்களின் தலைக்கு மேல் முழங்காலை உயர்த்தி எம்பி, பழம் பறிப்பது போலப் பறித்துவிடுவான். பையன்கள் அவனை ‘மாட் சாலே’ என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு இங்கே மலாயில் சொல்லும் கிண்டல் பெயர் அது. கறுத்த பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்ததில் அவனுக்கே சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் அவன் சிரித்ததை அப்போதுதான் முதலில் பார்த்தோம். சில வாரங்களில் எனக்கு முன்னாலேயே எழுந்து, குழாயடியில் கையுறை கழுவிக்கொண்டிருப்பான். அக்காளுக்கு அதைச் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

மாவட்டக் கிண்ண அரையிறுதி பண்டார் தெங்காரா அணியோடு, எங்கள் திடலில் நடந்தது. முந்தின நாள் பெய்த மழையில் கோல் வாயில் சேறாகக் கிடந்தது. ஆளுக்கு ஒரு கோல். ஆட்டம் முடியும் தறுவாய். எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. மருமகன் கூட்டத்துக்கு மேல் எழும்பி, கோல் கோட்டுக்கு மிக அருகில் அதைச் சுத்தமாகப் பிடித்து இறங்கினான். திடலே கத்தியது. அவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்களத்தை நிதானமாக நோட்டமிட்டபடி, பின்னால் நடந்தான். கோட்டைக் கடந்தான். வலை முதுகில் பட்ட பிறகும் யாருக்கு உதைக்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் ஊதிய நடுவர் நடுக்கோட்டைக் காட்டியது எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. பந்தோடு கோட்டைத் தாண்டினால் அது எதிரணிக்குக் கோல்; அந்தக் கோலில்தான் தோற்றோம்.

அவனுடைய ஆட்டத்தின் விதிகளைப் பிறகு தேடிப் படித்தேன். அங்கே உதைபட்டு வரும் பந்தை அந்தரத்தில் பிடித்துவிட்டால் ஆட்டம் அவனுக்காக நிற்கும். எதிராளி நெருங்கக் கூடாது. பிடித்தவன் சில அடிகள் பின்னால் நடந்து போய், ஆற அமர உதைக்கலாம். தன் கோல் கோட்டுக்கு அருகில் பிடித்தவன் கோட்டுக்குப் பின்னால் போய் நின்று உதைப்பதும் உண்டு. சிறு பிள்ளையிலிருந்து அவன் உடம்பு கற்றிருந்த ஒழுங்கு அது. அன்று பந்தை மிக நன்றாகப் பிடித்ததால்தான் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தடுமாறியிருந்தால் தப்பித்திருப்பான்.

உடைமாற்றும் தகரக் கொட்டகையில் யாரும் பூட்ஸைக் கழற்றவில்லை. “எது நம்ம கோல்னு இந்த மாட் சாலேக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களாடா?” என்றான் முன்கள ஆட்டக்காரன் ஒருவன். மருமகன் மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்த அதே முதுகு.

அணிச் செயலாளர் உள்ளே வந்தார். “அவன் ப்ளேயர் கார்டத் திருப்பிக் குடுங்க கோச். அடுத்த லீக் ஆட்டத்துக்கு வேற கீப்பர். இதுக்கு மேல பேச்சே இல்ல.”

கோச் தண்ணீர் போத்தலை மூடிவிட்டுச் சொன்னார்: “நான்தான் கத்துனேன். பேக், பேக்னு, பின்னால போன்னு. அவன் கேட்டான், போனான்.”

“பந்தக் கையில வச்சிருக்கவன பேக் போன்னு எவன்யா சொல்வான்?”

“நான் சொன்னேன். பைத்தியக்காரன்லா நான். அவனத் தூக்காத, என்னத் தூக்கு.”

தூக்கினார்கள். செயலாளருக்கும் அவருக்கும் வெகுநாள் ஆகாது. இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி கிடைக்காது. அந்த வாரமே கூட்டம் போட்டுப் புதிய கோச்சை வைத்தார்கள். கீப்பர் மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. ஆட்டத்துக்கு மறுநாள் காலை அவன் அறைக் கதவுக்கு வெளியே நானும் மனைவியும் நின்றிருந்தோம். அவன் எழுந்து வந்தான். முகம் வீங்கியிருந்தது. “பயிற்சி இருக்கு மாமா” என்றான். பருவம் முடியும்வரை ஆடினான். நன்றாக ஆடினான் என்று சொல்ல முடியாது. பந்தைப் பிடித்ததும் ஒரு கணம் குனிந்து கோட்டைத் தேடுவான்.

கோச் அதற்குப் பிறகு திடல் பக்கம் வரவில்லை. ஆட்ட நாட்களில் திடலின் சத்தம் டயர் கடைவரை கேட்கும். அப்போது காற்றடிக்கும் இயந்திரத்தை ஓடவிடுவார் என்று அவருடைய பணியாள் சொன்னான். சர்க்கரையால் முதலில் ஒரு காலை எடுத்தார்கள். இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரம் இறந்துபோனார். அடக்கத்துக்கு அணியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள், செயலாளர் வரவில்லை. மருமகன் பெர்த்தில் ஒரு கிடங்கில் காலை ஷிப்ட் பார்க்கிறான். இப்போது எந்தப் பந்தும் ஆடுவதில்லை.

கோச் உண்மையிலேயே கத்தினாரா? காலை எடுத்த பிறகு ஒருமுறை அவரிடமே கேட்டேன். “அவன் நம்புனான்ல, அது போதும்லா. நீ எழுதிக்கிறதுக்குக் கேக்குறியா?” என்று சிரித்தார். மரணச் செய்தியைச் சொல்லக் கூப்பிட்டபோது மருமகனிடமும் கேட்டேன். “யாரோ பேக், பேக்னு கத்துன மாதிரிதான் இருக்கு மாமா. கோச்சா, இல்ல என் மண்டைக்குள்ளயான்னு தெரியல” என்றான். கோச்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாற்று ஆட்டக்காரன், அவர் அப்போது வாயே திறக்கவில்லை என்கிறான். கோல் வாயில் நின்றிருந்த பின்காப்பாளன், தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்கிறான். கார்னர் சமயத்தில் எல்லாக் கோச்சும் கத்துகிற வார்த்தைதான் அது. மற்றவர்களுக்காகக் கத்தியதாகவும் இருக்கலாம். நான் திடலின் மறுபக்கம் நின்றிருந்தேன். கத்தினேன் என்று அவர் சொன்னார். அதுவரைதான் எனக்குத் தெரியும். கத்தினாரா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.