சாம்பல் நிறக் காவிரி

என் அத்தை ஓவியர். ஆளுயரத் துணிகளில் வரைந்துகொண்டிருந்தவர், எனக்கு எட்டு வயதான வருஷம் திடீரென்று களிமண்ணுக்கு மாறினார். ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டு மாடியறைக்கு மின்சூளை ஒன்று வந்தது. பெரிய அண்டா மாதிரி இருக்கும், மேலே மூடி. படம் விற்கவில்லை, சட்டி பானை செய்யப் போய்விட்டாள் என்று உறவில் பேசிக்கொண்டார்கள்.

பரீட்சை லீவுக்குக் காட்டூரிலிருந்து நான் போனபோது மாடி முழுக்க ஓடுகள். புத்தூரில் திறக்கவிருந்த ஒரு கிளினிக்கின் சுவருக்காக அத்தை காவிரியை வரைந்துகொண்டிருந்தார். ஓட்டுக்கு ஓடு தாவி வளைந்து போயிற்று நதி. அதன் கரையோரம் படுத்து மத்தியானமெல்லாம் தூங்கினேன். கனவில் கால் நனைந்தது. ஒரே குறை, தண்ணீர் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது.

“அத்தை, நீலம் போட மறந்துட்டீங்க.”

“போட்டாச்சும்மா. சூளைக்குள்ள போயிட்டு வந்தா தெரியும்.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓடுகளைச் சூளையில் அடுக்கிவிட்டு அத்தை சாப்பிட இறங்கியதும், என் ஸ்கூல் பெயின்ட்டை எடுத்து மேல்தட்டிலிருந்த ஐந்து ஓடுகளுக்கு நல்ல நீலமாகப் பூசினேன். மாவுபோல் காய்ந்திருந்த அத்தையின் பூச்சு பிரஷ்ஷோடு பெயர்ந்து வந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, மூடியையும் நானே சாத்தினேன்.

“சமத்து” என்று சொல்லி அத்தை சுவிட்சைப் போட்டார்.

சூளை ஆறி மூடி திறக்க மறுநாள் சாயங்காலமாயிற்று. உள்ளே எல்லாம் நீலம். ஆழமான, ஈரம் காயாத மாதிரியான நீலம். மேல்தட்டில் மட்டும் வெள்ளை வெள்ளையாய்க் கீறல்கள். என் நீலத்தைக் காணவே இல்லை. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

அத்தை ஓர் ஓட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தார். “உன் நீலம் எரிஞ்சு போச்சும்மா. என்னுது இப்பத்தான் வந்திருக்கு.”

கிளினிக்காரர்கள் வந்து, விரிசல் மாதிரி தெரிகிறது, வேண்டாம் என்றார்கள். ஐந்தை மட்டும் திரும்பச் செய்தால் நிறம் ஒட்டாதாம். அந்த நதி அப்படியே எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்கு வந்தது. சொம்பு சொம்பாக அதன்மேல் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன்.

அந்த மே மாதம் சென்னையில் அத்தையின் ஓவியங்களுக்கு முதல் தனிக் கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. அவர் போகவில்லை. கிளினிக் சுவருக்கு முதலிலிருந்து புது ஓடுகள் செய்ய, நாள் முழுக்க மாடியில் மண் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருண்டை பிடித்தேன். பள்ளி திறந்ததும், என்னோடு விளையாடுவதற்காக அத்தை சென்னைக்கே போகவில்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.